டெக்சஸ் ஷேலா, கனடாவா, பிந்துலுவா: அக்கா மகனுக்குச் சொன்ன கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகன் மேசையைத் துடைத்துவிட்டு மூன்று தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அவனுக்கு 27 வயது, ஸ்ரீ இஸ்கந்தரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோலியப் பொறியியல் படித்தவன், நான்கு வருடமாகக் கோலாலம்பூரில் ஓர் எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனத்தில் இருக்கிறான். முதல் தாள், அதே நிறுவனம் அவனை டெக்சஸில் மிட்லண்டுக்கு மாற்றுவதாகச் சொல்லும் கடிதம். இரண்டாவது, சரவாக்கில் பிந்துலு எல்என்ஜி ஆலையில், அதாவது எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றும் ஆலையில், வேலைக்கு வந்த கடிதம். மூன்றாவது வேலைக் கடிதம் இல்லை, கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு அவனுக்கு எத்தனை புள்ளி வரும் என்று ஒரு முகவர் போட்டுக் கொடுத்த தாள். "மாமா, நீங்கள்தான் இந்தத் துறையிலேயே இருந்தவர், எதை எடுப்பது?" என்றான். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், வீட்டுக்கு வந்தபின் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு நிற்கும் நம் பிள்ளைகள் இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

சம்பளத்தில் தொடங்கினால் பேச்சே இல்லை, டெக்சஸ்தான். டாலரை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்க்கும்போது யாருக்கும் கண் விரியும், அக்காவுக்கும் விரிந்தது. ஆனால் அந்தச் சம்பளம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி.

ஷேல் என்றால் களிமண் இறுகி உண்டான பாறை. எண்ணெயும் எரிவாயுவும் அதற்குள் இருப்பது பல காலமாகத் தெரியும், ஆனால் பாறை அத்தனை நெருக்கமானது, துளை போட்டாலும் ஒன்றும் ஊறி வராது. ஜார்ஜ் மிட்செல் என்ற டெக்சஸ்காரர், ஆடு மேய்த்த குடும்பத்திலிருந்து வந்த கிரேக்கக் குடியேறி ஒருவரின் மகன், 1981இலிருந்து பார்னெட் என்ற ஷேல் பகுதியில் பணத்தைக் கொட்டிக் கொட்டித் தோற்றுக்கொண்டே இருந்தார். 1998இல் அவருடைய பொறியாளர்கள் கெட்டியான கூழுக்குப் பதிலாக ஏறக்குறைய வெறும் தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் இறக்கிப் பாறையை உடைத்தபோதுதான் கணக்குக் கட்டுப்படியானது. 2002இல் அவர் நிறுவனத்தை வாங்கிய டெவன் அதோடு பக்கவாட்டுத் துளையிடலைச் சேர்த்தது. இப்போது மிட்லண்ட் பக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கி, அங்கிருந்து படுக்கைவாட்டில் இன்னொரு மூன்று கிலோமீட்டர் போய், பகுதி பகுதியாக வெடித்து, பல மில்லியன் லிட்டர் தண்ணீரும் ஆயிரக்கணக்கான டன் மணலும் செலுத்துகிறார்கள். அக்கா மகன் போகப்போவது இந்த உடைப்பு வேலைக்குத்தான்.

இதனால் அமெரிக்கா என்ன ஆனது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2008இல் அவர்கள் எடுத்தது நாளுக்கு 5 மில்லியன் பீப்பாய், 2024இல் 13 மில்லியனுக்கு மேல், சவூதியையும் ரஷ்யாவையும் தாண்டி. எரிவாயுவில் கதை இன்னும் பெரிது. லூசியானாவில் சபீன் பாஸ் முனையத்தை வெளிநாட்டு எல்என்ஜியை இறக்குமதி செய்யத்தான் கட்டினார்கள். 2016 பிப்ரவரியில் அதே இடத்திலிருந்து முதல் ஏற்றுமதிக் கப்பல் கிளம்பியது, 2023இல் உலகிலேயே அதிக எல்என்ஜி விற்ற நாடு அமெரிக்கா. நம் நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸே 2025இல் லூசியானாவின் ஒரு திட்டத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எரிவாயு விற்று வளர்ந்த நாட்டின் நிறுவனம் அமெரிக்க எரிவாயுவை வாங்குகிறது என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய துறை, அப்போது போக வேண்டியதுதானே என்றான் அக்கா மகன், தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். அவனுக்கு நான் எங்கள் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். அப்பா சிலாங்கூரில் ஒரு எஸ்டேட்டில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தார். பால்மரம் நட்டு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும், ஒன்றும் தராது, ஆனால் வெட்டத் தொடங்கினால் 25 வருடம் தினம் பால் வடியும், அந்த ஒரு வரிசை மரத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிடும். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அம்மா வாழை வைத்திருந்தார். வாழை வருடத்துக்குள் குலை தள்ளும், குலையை வெட்டினால் அந்த மரம் முடிந்தது, அடுத்த கன்றைப் பார்க்க வேண்டும். ஷேல் கிணறு வாழை. முதல் வருடத்திலேயே அதன் உற்பத்தி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். உற்பத்தியை அப்படியே வைத்திருக்கவே புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை ஆள், அத்தனை சம்பளம். விலை விழுந்தால் முதலாளி புதுத் துளையை நிறுத்தினாலே போதும், மறு மாதமே அந்த ஆட்கள் தேவையில்லை. கிணற்றின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவுதான் அங்கே வேலையின் ஆயுளும். தரையில் துளை போடும் ஒரு ரிக்கை நிறுத்துவது பல பில்லியன் வெள்ளி எல்என்ஜி ஆலையை நிறுத்துவது போல் இல்லை, அதனால்தான் அவர்கள் யோசிக்காமல் நிறுத்துகிறார்கள்.

நான் இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2014 ஜூனில், உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் பீப்பாய் 115 டாலரைத் தொட்டது. ஷேல் எண்ணெய் சந்தையில் கொட்டிக்கொண்டிருந்தது, நவம்பர் 27ஆம் தேதி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நாடுகள் வியன்னாவில் கூடி உற்பத்தியைக் குறைக்க மாட்டோம் என்றன, 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே. அமெரிக்காவில் 1,600க்கு மேல் ஓடிய எண்ணெய் ரிக்குகள் 2016 மே மாதம் 316 ஆகிவிட்டன. அது அவர்கள் ஊர்ச் செய்தி. எங்கள் ஊரில் என்ன நடந்தது என்றால், ஜாலான் துன் ரசாக்கில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தளத்தில் பாதிப்பேரை ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். கெமாமானில் எட்டு வருடம், அலுவலகத்தில் ஐந்து வருடம், அறைக்குள் ஆறு நிமிடம். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் எனக்கு வேலை இல்லை. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில்தான் வந்தது, எங்களுக்கு அதுவும் கிடையாது. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், மனைவியின் ஆசிரியர் சம்பளம் ஒன்றில் ஓடியது. டெக்சஸில் போடப்பட்ட துளைகள் கோலாலம்பூரில் என் மேசையைக் காலி செய்தன, அந்தப் பாறையை நான் பார்த்தது கூட இல்லை. அப்படி இருக்கும்போது அதன் மேலேயே போய் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

2020இல் திரும்பவும் அதே. ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே 37 டாலர் வரை போனது, ஆகஸ்டில் எண்ணெய் ரிக் 172தான் மிச்சம். ஆறு வருடத்தில் இரண்டு சரிவு. 30 வருடம் வேலை செய்யப்போகிறவன் இதை விதிவிலக்காக எண்ணக்கூடாது.

இன்னொன்று, பலரும் பார்க்கத் தவறுவது. 2014இல் 1,600 ரிக் வைத்து அமெரிக்கா எடுத்தது நாளுக்குச் சராசரி 8.8 மில்லியன் பீப்பாய். 2024இல் ஏறக்குறைய 500 ரிக் வைத்து 13 மில்லியன். உற்பத்தி ஏறுகிறது, ஆள் தேவை ஏறவில்லை. எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களும் ஒன்றை ஒன்று வாங்குகின்றன: எக்ஸான் 2024இல் பயனியரை விழுங்கியது, டைமண்ட்பேக் எண்டெவரை வாங்கியது. சேவை நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைந்தால் பேரம் பேசும் பலமும் குறையும். அதே டைமண்ட்பேக்கின் தலைவர் டிராவிஸ் ஸ்டைஸ் 2025 மே மாதம் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், அப்போதிருந்த விலையில் அமெரிக்க நிலப்பரப்பு எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டுவிட்டிருக்கலாம் என்றே சொன்னார். ஷேலில் பிழைப்பவரே சொல்வதால் அதை நான் எடை போட்டுப் பார்க்கிறேன்.

விசா விஷயத்துக்கு வருவோம், தம்பி அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்கான ஹெச்1பி வேலை விசாவின் புதிய மனுக்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் மூடினது போல்தான். அவனுக்குக் கிடைப்பது நிறுவனத்துக்குள் மாற்றலாகும் எல்1 விசா. அது அந்த நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு வழி அமையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். அதிலும் சரிவு வந்தால் எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில்தான் ஆளைக் குறைக்கும், 60 நாளில் எங்கே தேடுவது? அமெரிக்கச் சம்பளப் பட்டியலுக்கு மாறினால் இங்கே சேமநிதிக்கு முதலாளி போடும் பங்கு நின்றுபோகுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

டெக்சஸைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். உடைப்பு வேலையில் இரண்டு வருடத்தில் கற்பதை இங்கே கடல் மேடையில் ஐந்து வருடத்தில் கற்க முடியாது. நம் கடலில் ஒரு கிணறு முடிக்க வாரக்கணக்கு, அங்கே ஓர் உடைப்புக் குழு ஒரு நாளில் பல பகுதிகளை முடித்துவிட்டு நகரும், கை பழகும், கண் பழகும். கடன் இல்லாத, கல்யாணம் ஆகாத, சம்பளத்தில் பாதியை மிச்சம்பிடிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவன் இரண்டு வருடம் என்று எல்லை வைத்துக்கொண்டு போனால் நான் தடுக்க மாட்டேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பாலைவன வெயில், விலை நன்றாக இருக்கும் வருடங்களில் மிட்லண்டில் வீட்டு வாடகை ஏறும் ஏற்றம், இதெல்லாம் தெரிந்து போக வேண்டும்.

இப்போது பிந்துலு. 1983இல் ஜப்பானுக்கு முதல் கப்பல் போனது, இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்பது உற்பத்தி வரிசைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லியன் டன் திறன், ஒரே வளாகத்தில் இருக்கும் உலகின் மிகப் பெரிய எல்என்ஜி ஆலைகளில் ஒன்று. எல்என்ஜி வியாபாரத்தின் அடிப்படையே நீண்ட ஒப்பந்தம், பத்து வருடம், இருபது வருடம், ஏனென்றால் கடலில் கிணறு, குழாய், ஆலை, கப்பல் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணத்தைப் போட வேண்டும், வாங்குபவன் உறுதி தராமல் யாரும் போட மாட்டார்கள். எண்ணெய் விலை விழுந்தாலும் எரிவாயு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஓடுகிற ஆலைக்கு வால்வைப் பார்க்க, எரிவாயுவை அழுத்தும் அமுக்கி இயந்திரத்தைப் பழுதுபார்க்க, பாதுகாப்பைக் கவனிக்க ஆள் வேண்டும். 2016இல் துளை போடும் பக்கம் இருந்த என்னைப் போன்றவர்கள் வெளியே நின்றபோது ஆலை இயக்கத்தில் இருந்த என் நண்பர்கள் போனஸ் குறைந்ததைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்ததும் எரிவாயு ஆலைப் பராமரிப்பில்தான், இன்றுவரை அதில்தான் இருக்கிறேன்.

பிந்துலு கல்லில் எழுதிய பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூனில் பெட்ரோனாஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது, ஐயாயிரம் பேருக்கு மேல். சரவாக் மாநில அரசின் பெட்ரோஸ் நிறுவனத்துக்கும் பெட்ரோனாஸுக்கும் எரிவாயு யார் கையில் என்ற இழுபறி வேறு. அதில் சரவாக் மக்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம், ஆனால் இடையில் நிற்கும் ஊழியனுக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்ற குழப்பம் வரும். தீபகற்பத்திலிருந்து போகும் நமக்குச் சரவாக்கில் வேலை பெர்மிட் வேண்டும், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்பது கூடிக்கொண்டேதான் போகும். அப்புறம், அமெரிக்க ஷேல் எரிவாயு ஆசியாவுக்கு வந்து சேரச் சேர ஜப்பான்காரன் பழைய ஒப்பந்தம் முடியும்போது விலையைக் குறைக்கச் சொல்வான். இந்த நெருக்கடி உண்மையானது. ஆனாலும் அது வருடக்கணக்கில் மெதுவாக வருவது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்து நிற்பது இல்லை. நமக்குத் தயாராக நேரம் கிடைக்கும்.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். அக்காவுக்குச் சர்க்கரை, அத்தான் இல்லாத வீடு. இந்த வரியை நான் தம்பியிடம் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

கனடாவைப் பலர் குளிரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது மூன்றிலும் சுவாரசியமான தாள், ஏனென்றால் அங்கே ஷேலும் எல்என்ஜியும் ஒன்றாகச் சேர்கின்றன. பெட்ரோனாஸ் 2012இல் புரோகிரஸ் எனர்ஜி என்ற கனடா நிறுவனத்தை வாங்கி பிரிட்டிஷ் கொலம்பியாவின் மான்ட்னி ஷேல் பகுதிக்குள் போனது. கடற்கரையில் ஆலை கட்டும் அதன் சொந்தத் திட்டத்தை 2017 ஜூலையில் கைவிட்டது, மறு வருடம் எல்என்ஜி கனடா என்ற கூட்டுத் திட்டத்தில் 25 விழுக்காட்டுப் பங்கு எடுத்தது. அந்தத் திட்டத்தின் ஆலை இருக்கும் கிட்டிமாட் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 2025 கோடையில் ஆசியாவுக்குக் கிளம்பியது. அதாவது வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்திலேயே நீண்ட கால வியாபாரி கடை போட்டிருக்கிறான், 670 கிலோமீட்டர் குழாய் இரண்டையும் இணைக்கிறது. மான்ட்னியிலும் கிணறுகள் வேகமாக வற்றும், துளை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஆலைக்கு ஆண்டுக்கு 14 மில்லியன் டன்னுக்கான எரிவாயு தேவைப்படுவதால் அந்தத் துளையிடலுக்கு ஓர் அடித்தளம் கிடைத்திருக்கிறது, டெக்சஸ் எண்ணெய்க்கு இல்லாத அடித்தளம். நிரந்தர வசிப்புரிமை ஒரு முதலாளியோடு கட்டப்பட்டதும் இல்லை, வேலை போனால் 60 நாளில் ஓட வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால் தம்பி கையில் இருப்பது வெறும் புள்ளித்தாள். வேலை இல்லாமல் போய் இறங்கினால், பொறியாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே அந்த மாகாணத்தின் பதிவு வேண்டும், உள்ளூர் அனுபவம் கேட்பார்கள். எல்என்ஜி ஆலையில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு விண்ணப்பித்தால் அவனுடைய தாளின் மதிப்பே வேறு. இதை அவனிடம் சொன்னபோதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வேறு வழிகளும் கேட்டான். பெட்ரோனாஸ் மூலம் அர்ஜென்டினாவின் வாக்கா முவெர்த்தா ஷேலுக்குப் போகலாமா என்றால், அந்தப் பங்கை 2025இல் விஸ்தா நிறுவனத்துக்கு விற்றாகிவிட்டது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலைகள் நல்ல வழிதான், ஆனால் நான்கு வருடக் கிணற்று அனுபவத்தை வாசலில் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். 22 வயதுப் பிள்ளை கேட்டால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, என் முடிவு. அவனுக்குப் பிந்துலு. மூன்று வருடம் ஆலை இயக்கம், கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம், அதற்குள் கனடாப் பதிவுக்கான தேர்வு வேலைகள், பிறகு விருப்பமிருந்தால் கிட்டிமாட். வீட்டுக் கடன் இல்லாத அவனுடைய நண்பன் ஒருவனுக்கும் இதே மிட்லண்ட் கடிதம் வந்திருக்கிறது, அவன் போகட்டும் என்றேன், ஆனால் மூன்றைக் கடிதத்தில் எழுதி வாங்கச் சொன்னேன்: வேலை போனால் திரும்பும் டிக்கெட்டும் சாமான் செலவும் யார் பொறுப்பு, கோலாலம்பூரில் பழைய இடம் காத்திருக்குமா, நான்கு வருடச் சேவை தொடர்ந்ததாகக் கணக்கிட்டு இழப்பீடு தருவார்களா. இதற்கு வாயால் பதில் சொல்லும் மனிதவள அதிகாரி அடுத்த சரிவில் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

தம்பி இன்னும் பதில் போடவில்லை. பிந்துலு கடிதத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேற்று இரவு அழைத்து, ஒன்பது வரிசைகளில் எதில் போடுவார்கள் என்று கேட்க முடியுமா, பழைய வரிசை என்றால் பராமரிப்பு வேலை அதிகம் இருக்குமே, கற்க நன்றாக இருக்குமே என்றான். கேள் என்றேன்.